மறைக்கப்பட்ட சொற்கள்

'ஞ்' எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

டிவித் திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நின்றன. ரிமோட்டை அழுத்தி அழுத்தி ஒவ்வொன்றாகத் தேடிப் போனாள். அப்பா குளியலறையில் இருந்தார். வெளியே வந்தால் நேரே இந்த நாற்காலிக்குத்தான் வருவார்.

அ. ஞ். ச. லி.

அப்பாடா.

அத்தை விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டாள், கடையநல்லூரில். அப்பாவுக்கு ஒரே தங்கை. அப்பாவுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து இன்றைக்குப் பதினோராவது நாள்.

அதிர்ச்சியான சேதி எதுவும் அவர் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் பேச்சில்லை என்றுவிட்டான் அண்ணன். பதினாறு கழியட்டும், பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். கடைக்குச் சரக்கு எடுக்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கடையநல்லூருக்கு வண்டியேறினான்.

காவலுக்கு இவள்.

அப்பாவின் ஃபோனை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாயிற்று. இன்றைக்குப் பேப்பர் வரவில்லை என்று சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தது டிவி.

செய்திச் சேனல்களை மொத்தமாக மறைத்தாள். அது சுலபம், ஒரே பொத்தான். ஊர்க் கேபிள் சேனல்தான் சிக்கல். நாளெல்லாம் பழைய பாட்டுப் போடுவதால் அது பாட்டு வகையில் கிடந்தது. பாட்டை மறைத்தால் அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவார். ஆனால் அந்தச் சேனலில்தான் தினம் பதினொன்றரைக்கு 'கண்ணீர் அஞ்சலி' வரும். செத்தவர் படம், பெயர், ஊர், எடுக்கும் நேரம். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவும் அதற்குத் தப்பாது.

நல்ல வேளை, சொல் கொடுத்தும் மறைக்கலாம். கொடுத்த சொல் நிகழ்ச்சியின் பெயரில் இருந்தால் போதும், அது திரைக்கே வராது.

காலமானார் என்று சேர்த்தாள். இரங்கல். இறைவனடி.

எதற்கும் இருக்கட்டும் என்று அத்தையின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் போட்டாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அப்பா வந்து உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. கோதுமைக் கஞ்சியைக் குடித்தார். தொடையில் தாளம்கூடப் போட்டார். அவளால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான், அவளுக்கே தெரியும். அண்ணன் திரும்புகிற சாயங்காலம் வரைக்குமாவது மறையட்டும், முருகா.

அடுப்படிக்குப் போனாள். காய் நறுக்கினாள். காது மட்டும் கூடத்தில் இருந்தது.

பதினொரு மணிக்குப் பாட்டு நின்றது.

அவர் சேனல் மாற்றுகிறார். மாற்றட்டும். எல்லாம் அடைத்தாயிற்று.

அப்புறம்தான் உறைத்தது.

பதினொரு மணிக்கு 'அஞ்சலியின் அடுப்படி'.

நெய், தேங்காய், கறி என்று டாக்டர் வேண்டாமென்றதையெல்லாம் அந்த அஞ்சலி ஒரு மணி நேரம் வதக்கிக் காட்டுவாள். பத்தியச் சோறு தின்கிற மனுஷனுக்கு அதுதான் விருந்து. ஒரு நாள் விடமாட்டார். அட பாவமே, அந்தப் பெண்ணுக்கும் அந்தப் பெயரா இருக்க வேண்டும்!

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர் அப்பா. ஒரு நிகழ்ச்சி காணாமல் போனால் ஏன் போனது என்று பார்க்காமல் விடுவாரா? டிவி செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டார்.

திரையில் பெரிய எழுத்தில் நின்றது.

மறைக்கப்பட்ட சொற்கள்

அஞ்சலி

காலமானார்

இரங்கல்

இறைவனடி

ஆவுடையம்மாள்

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைத்தான் பார்த்தாள். பனியனுக்குள் கட்டு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏற வேண்டுமே என்று தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள்.

ஏறியது.

"எப்ப எடுக்காவ?"

"மூணு மணிக்குப்பா."

அவர் ரிமோட்டை நாற்காலிக் கையில் வைத்தார்.

"உங்கண்ணன் கோடி கொண்டு போனானா?"

அவளுக்குத் திக்கென்றது. பிறந்த வீட்டுச் சேலை. கூடப் பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தாமல் ஒரு பெண்ணை வாசல் தாண்ட விடமாட்டார்கள். மறைக்கிற அவசரத்தில் அண்ணனும் அதை மறந்தான், இவளும் மறந்தாள்.

அவள் தலையைக் குனிந்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

எழுந்து கொடியிலிருந்து சட்டையை எடுத்தார். வலது கை நுழைந்தது. இடது கையைத் தூக்கினார். தையல் இழுத்தது. பாதியில் நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

டாக்டர் சொன்னது, அண்ணன் சொன்னது, எல்லாம் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. இந்த உடம்போடு பதினெட்டுக் கிலோமீட்டர். அங்கே ஒப்பாரி. தங்கை முகம். ஏதாவது ஒன்று ஆகிப்போனால் ஊர் அவளைத்தான் கேட்கும். அவளே அவளைக் கேட்பாள்.

அவர் கையை இறக்கவில்லை.

அவள் கிட்டே போய்ச் சட்டையை விரித்துப் பிடித்தாள். இடது கையை மெதுவாக உள்ளே விட்டாள். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள். கட்டுக்கு மேல் வந்தபோது துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டாள்.

"வழியில கடையில எடுத்துக்கிடுவோம்," என்றார். "பச்சையில எடுளா. அவளுக்குப் பச்சைன்னா..."

வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் அடுப்படிக்குப் போய் அரிசி டப்பாவை நகர்த்தினாள். அண்ணன் ஃபோனை எடுக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, அத்தைய எடுத்துராதீங்க. அப்பா வாராவ."