வெள்ளைச் சக்கரங்கள்

“நான்தான் ஊத்தினேன்” என்று எழுந்து நின்றாள் டார்லா.

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

டிரெய்லர் வீடுகள் நாற்பதுக்கும் சேர்த்து ஒரே கழிவுநீர்த் தொட்டி. அதில் கழிவைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பாக்டீரியா செத்துப்போயிருந்தது. கழிவிலிருந்த அம்மோனியாவைத் தின்று தீர்க்க ஆளில்லை. அது அப்படியே ஏரிக்குப் போய், பனி உருகிய ஓரமெல்லாம் டிரவுட் மீன்கள் மல்லாந்து மிதந்தன.

யாரோ பிளீச் ஊற்றியிருக்கிறார்கள் என்று தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேட் கதவுக்குக் கதவு நோட்டீஸ் ஒட்டினான். ஆள் தெரிந்தால் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று முதலாளி மெர்வின் சொல்லிவிட்டார்.

“பையனுக்கு ஒரே வாந்தி. பாத்ரூம், தரை, போர்வைன்னு எல்லாத்தையும் பிளீச் போட்டுக் கழுவினேன். ஒரு புட்டி முழுசும் போயிருக்கும்.”

“இந்த வருஷம் தூண்டில் போட்டா பழைய பூட்ஸ்தான் மாட்டும்” என்றது பின்வரிசை. சிலர் சிரித்தார்கள். டார்லா உட்காரவில்லை.

மெர்வின் வேட் பக்கம் திரும்பினார். “உனக்குத்தான்ப்பா அந்த பாக்டீரியாவைப் பத்தித் தெரியும். ஒரு புட்டியில சாகுமா?”

வேட் காப்பிக் கோப்பையைப் பார்த்தான். முகம் எரிந்தது.

நாற்பது வீட்டுத் தண்ணீரில் ஒரு புட்டி எந்த மூலைக்கு?

போன மாதம் தொட்டியைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார் என்றதும் அவன் தொட்டியைத் திறந்து பார்த்தான். உள்ளே கொட்டிக் கிடந்த குட்டிக்குட்டி பிளாஸ்டிக் சக்கரங்கள், புதிதாகப் போட்டபோது பளிச்சென்று இருந்தவை, பழுப்பேறி வழவழவென்று கிடந்தன. அவனுக்கு வெட்கமாகிவிட்டது. இதற்கு முன்பிருந்த பழைய தொட்டியைத் தேய்த்துத் தேய்த்தே நல்ல பேர் வாங்கியவன். வாரக் கடைசி முழுக்க உட்கார்ந்து, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிளீச்சில் கழுவினான். பனிப்புயலில் ஆய்வாளர் வரவே இல்லை.

மீன்கள் செத்த பிறகு, இந்தப் புதுத் தொட்டியை அமைத்துக் கொடுத்த டொராண்டோ கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டான். “யாராவது பிளீச் ஊத்தியிருப்பாங்க. இல்லேன்னா எந்த முட்டாளாவது சக்கரத்தைக் கழுவியிருப்பான். அந்தப் பழுப்புதானே சார் பாக்டீரியா!” என்று அவன் சிரித்தான்.

வேட் நோட்டீஸ் ஒட்டியது அதற்கு மறுநாள்.

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் டார்லாவின் வீடு தப்பும். இவன் வேலை போகும். வேலையோடு கொடுத்த டிரெய்லரும் போகும்.

“சாகும்” என்றான்.

டார்லா தலையாட்டினாள். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து அவனிடமே வந்தாள்.

“எவ்ளோ பாடுபட்டு வளர்த்தே அதுங்களை. என்னை மன்னிச்சிடு வேட்.”

“பரவாயில்ல” என்றான் வேட்.