ஆறாத டீ

எங்கள் இயற்பியல் இதழுக்கு வரும் புதுக் கோட்பாடுகளில் முக்கால்வாசி கிறுக்குத்தனம். இது அப்படியில்லை. ஒரு பொருளின் வெப்பத்தைத் தொடாமலேயே அதைவிடச் சூடான இன்னொன்றுக்கு மாற்றலாம் என்றது. கையால் செய்து பார்க்காமல் எந்தச் சமன்பாட்டையும் நான் நிராகரிப்பதில்லை. காலையில் அறைக் கரும்பலகையில் செய்தேன். சரியாக வந்தது.

அதுதான் பயம். யாருடைய வெப்பத்தை எவன் உருவுவான்? எழுதியவரைப் போனில் அழைத்து, வெளியிட மாட்டோம் என்றேன்.

"பரவால்ல. கணக்கைச் செஞ்சு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்போ அது ஆரம்பிச்சாச்சு. பக்கத்துல யாரையும் உக்கார விடாதீங்க."

மிரட்டுகிறார் என்று எரிச்சலோடு போனை வைத்தேன். பலகையை அழித்தேன்.

மாலையில் என்னை அழைத்துப்போக வந்த கணவர், மேசையிலிருந்த கோப்பையைத் தொட்டுக் கையை உதறினார்.

"இப்பதான் வந்த டீயா?"

"காலையில குடிக்க மறந்தது."

"உன் கோபத்துலயே சூடா இருக்கு போல." சிரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் சட்டையின் மேல் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

"அந்த ஏசியைக் கொஞ்சம் அணையேன்."

எங்கள் அலுவலகத்தில் ஏசி கிடையாது. அவர் கையைப் பற்றினேன்; பனிக்கட்டியாக இருந்தது. கோப்பையில் டீ தளதளவென்று கொதிக்கத் தொடங்கியது.