‘ஆ’ என்னும் எழுத்து

பிற்பகல் வெயில் உயரமான ஜன்னல்களின் வழியே கூடத்தில் சாய்ந்து விழுகிறது. வெறுங்காலோடு வட்டமாக நிற்பவர்களின் கைகள், பியானோ ஒலித்ததும் ஒன்றாக மேலே விரிகின்றன. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்கிறார் ஹிதாயத்துல்லா. முத்தியால்பேட்டையிலிருந்து சொல்லாமல் வந்திருக்கிறார். மகள் தஹ்ஸீன் ஆந்த்ரோபாஸஃபி படிக்கச் சேர்ந்ததிலிருந்தே, இது வேறு ஏதோ மதமோ என்று அவருக்குச் சந்தேகம். தத்துவம் என்கிறாள், தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் பயிற்சி என்கிறாள், ஓவியமும் உண்டு என்கிறாள். படிப்பை நிறுத்துவதா என்று இன்று நேரில் பார்த்து முடிவு செய்யப்போகிறார். மூலையில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அதன் மேலே ஒரு வெள்ளைக்காரரின் படம். தஹ்ஸீன் வட்டத்தை விட்டு ஓடிவருகிறாள்.

“யாரும்மா அந்த ஆளு? அவரத்தான் கும்புடுறீங்களா?”

“ஐயோ அத்தா, அவரு இந்தப் படிப்ப ஆரம்பிச்சவரு. நாங்க ‘ஆ’ங்கிற எழுத்தக் கையால சொல்லிப் பழகுறோம்.”

“வாயால சொன்னா பத்தாதா?”

அவள் சிரிக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. எல்லோரையும் பார்க்க முடிகிற நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறார்.

“போ, செய்யி. நான் பாக்குறேன்.”

அவள் வட்டத்துக்குத் திரும்புகிறாள். பியானோ ஒலிக்கிறது. வெயிலில் அவள் கைகள் அகல விரிகின்றன. அவர் கைகளைப் பார்க்கவில்லை. மகளின் உதடுகள் ஏதாவது மந்திரம் முணுமுணுக்கின்றனவா என்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.