செருப்பைக் கழற்றச் சொல்லாத சௌந்தரபாண்டி

மதுரைக்காரர்களுக்கு அரைக் கட்டணம் என்று விளம்பரம் வந்ததும், அங்கயற்கண்ணி தன் சொந்த ஊரைச் சுற்றிப்பார்க்க டிக்கெட் வாங்கினாள். பழைய தெருக்களைச் சுற்றுலாக் காட்சியாக்கி, அங்கே இருந்தவர்களையெல்லாம் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு, டிக்கெட் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

வழிகாட்டி எந்திரம் சுற்றுலாக் கும்பலை முதலில் அழைத்துப்போனதே அவள் வாழ்ந்த வீட்டுக்குத்தான். வாசலில், செத்துப்போன அவள் புருஷன் சௌந்தரபாண்டி நின்றுகொண்டிருந்தார். பழைய வீடியோக்களை வைத்து ஒளியால் செய்த உருவம். அதே மீசை, அதே மடித்துக் கட்டிய வேட்டி.

"வாங்க, வாங்க. எந்த ஊரு?" என்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தது.

அங்கயற்கண்ணி பழக்கத்தில் படியிலேயே செருப்பைக் கழற்றினாள். மற்றவர்கள் பூட்ஸ் காலோடு உள்ளே போனார்கள். ஒருவன் வாசலுக்கு நேரே இருந்த பூஜையறைக்குள்ளேயே ஏறி நின்று படம் எடுத்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலெக்டரே வந்தாலும் "செருப்ப வெளிய விடுய்யா" என்று தெருவே கேட்கக் கத்துகிற மனுஷன்!

"இந்தாளு யாரப் பாத்தும் இப்படிப் பல்லக் காட்டுனதில்ல," என்று எந்திரத்திடம் சீறினாள்.

"அவர் கோபம் விருந்தினர்களுக்குப் பிடிக்கவில்லை, அம்மா. எடுத்துவிட்டோம்."

அவள் புருஷனுக்கு முன்னால் போய் நின்றாள். "யோவ், ஒரே ஒரு தடவ கத்துய்யா. பூட்ஸோட சாமி முன்னால நிக்கிறான் பாரு!"

"வாங்க, வாங்க. எந்த ஊரு?"

படியில் கிடந்த செருப்பை எடுத்து அந்த மூஞ்சியில் விட்டெறிந்தாள். அது சிரிப்பைத் துளைத்துக்கொண்டு போய்ப் பூஜையறைக்குள் விழுந்தது.