சத்தம் எங்கே போச்சு?

"கம்ப்யூட்டர் அப்டேட் ஆனதிலிருந்து சத்தமே வரலடா. நீ வாயசைக்கிறது மட்டும்தான் தெரியுது" என்றார், வீடியோ காலில் அப்பா.

'இருங்க, இங்கிருந்தே சரி பண்றேன்' என்று மகன் டைப் அடித்தான். அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை அம்மாவும் வர்றாங்களாம். ஒரு மாசம் தொணதொணன்னு உயிரை எடுத்துடுவாங்க. அப்பா மட்டும் வந்தா நிம்மதி" என்றான், பக்கத்தில் நின்ற மனைவியிடம்.

"மெதுவாப் பேசுங்க" என்று பதறினாள் அவள்.

"அதான் அவருக்குக் கேக்கலையே!"

அப்பா திரையில் வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வால்யூம் சரியாகத்தான் இருந்தது. சத்தம் போகிற இடத்தைத்தான் அப்டேட் மாற்றிவிட்டிருந்தது. அங்கிருந்த பெயரைப் படித்ததும் அவன் விரல் அப்படியே நின்றது.

'கிச்சன் ஸ்பீக்கர்'.

சமைக்கும்போது பாட்டுக் கேட்கட்டும் என்று அம்மாவுக்கு அவனே வாங்கிக் கொடுத்து, அப்பாவின் கம்ப்யூட்டரோடு இணைத்து, அவனே வைத்த பெயர்.

அப்பாவுக்குப் பின்னால் அம்மா வந்து நின்றாள். திரையைப் பார்க்கவில்லை.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை நீங்க மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு முழங்கால் வலிக்குது."

"காலையில நல்லாத்தானே இருந்தே? பெட்டியெல்லாம் கட்டி வெச்சியே!" என்ற அப்பா, மகன் பக்கம் திரும்பினார். "என்னடா, சரியாயிடுச்சா? எங்கே, அம்மாகிட்ட ஏதாவது பேசு. கேக்குதான்னு பாப்போம்."

அவன் வாயசைத்தான். சத்தம் வரவில்லை.