இருமல்

சதுரங்கப்பட்டினம் கடலோரத்தில் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பாழ் பங்களாக்களைக் கணக்கெடுக்க வந்த குமாஸ்தா துரைக்கண்ணுவுக்குப் பஷீருதீன் வழிகாட்டினார். கடைசி பங்களாவில் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று உரக்க இருமினார்.

“இன்னா பாய், ஒடம்பு சரியில்லியா?”

“உப்புக்காத்து சார்.”

அறைகள் காலி. ஓர் அடுப்பு மட்டும் சுட்டது.

“மீன்புடிக்க வர்றவங்க கஞ்சி காச்சுவாங்க சார்,” என்றார் பஷீருதீன் அவசரமாக.

‘ஆளில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் துரைக்கண்ணு. “நாளைக்கே இடிச்சிடுவாங்க. யாராச்சும் குடியிருந்தா வேற மனை குடுக்கணும்னு உத்தரவு. நமக்கு அந்த வேலை மிச்சம்.”

பஷீருதீன் பதறினார். “சார், நாங்கதான் கீறோம்! புயல்ல வூடு போயிடுச்சி. ஜெய்புன்னிசா, புள்ளைங்களோட வெளிய வா!”

அந்நிய ஆள் வருகிறான் என்று சொல்லும் அந்த இருமலைக் கேட்டதுமே, அவர் மனைவி மூட்டையும் பிள்ளைகளுமாகச் சவுக்குத் தோப்புக்குள் ஓடியிருந்தாள்.

“மனைன்னதும் குடும்பம் முளைக்குதா பாய்?” துரைக்கண்ணு பேனாவை மூடினார்.