அடக்கமான துப்பாக்கி

பழக்கதோஷத்தில் லீலண்டின் கை இடுப்பைத் தடவியது. பெஞ்சில் பக்கத்திலிருந்த ரஸ்டி சிரித்தான்.

"டெக்சாஸ்காரருக்கு இடுப்பு சும்மா இருக்காதே! துப்பாக்கி எப்படி, பெருசு?"

"தங்கம்டா! உள்ளங்கையில அடங்கிடும். சுடும்போது ஒருநாளும் சிக்கினதில்ல. காலையில மாட்டினா, இடுப்புல இருக்கறதே தெரியாது."

"இந்தக் கல்யாணக் கோட்டுக்குள்ளயுமா?"

"டை கட்டிவிட்ட என் பொண்டாட்டிக்கே தெரியலன்னா பாரேன்!"

"அப்ப நானும் ஒண்ணு வாங்கிடறேன்."

கம்பிக் கதவுக்கு வெளியே போலீஸ்காரர் வந்து நின்றார்.

"ஏர்போர்ட் சோதனையில துப்பாக்கியோட மாட்டினது நீங்கதானே? உங்க விமானம் போயிடுச்சு. கல்யாணத்துல உங்க பொண்ணு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர, உங்களுக்குப் பதிலா உங்க தம்பியை நிக்கச் சொல்லிட்டாங்களாம்."

ரஸ்டி வாயைப் பிளந்தான். "ஏர்போர்ட்டுக்கு எவனாவது அதைக் கட்டிட்டுப் போவானா, பெருசு?"

லீலண்ட் தலையைத் தொங்கப்போட்டார்.

"அதான் சொன்னேனேடா... இடுப்புல இருக்கறதே தெரியாதுன்னு."